கரும்பலகையில் எழுதும் கை வலித்தால்...

ஜனவரி மாதத் திருப்புதல் வகுப்பு. பத்தாம் வகுப்புக்கு வட்டத்தின் தொடுகோடு வரைந்து காட்டிக்கொண்டிருந்தேன். மரக் கவராயத்தின் ஒரு காலைப் பலகையில் ஊன்றி, சுண்ணக்கட்டி செருகிய மறு காலைச் சுழற்றினேன். வலது முழங்கையின் வெளிப்பக்கத்தில் சுருக்கென்று ஒரு வலி. வட்டம் பாதியில் நின்றுவிட்டது. மீதியை ஒரு மாணவி எழுந்து வந்து வரைந்து முடித்தாள்.

அன்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 19 ஆண்டுகளாகக் கணக்கு நடத்துகிறேன். தோள் வலி, கால் வலி, தொண்டைக் கட்டு என்று எத்தனையோ வந்து போயிருக்கின்றன. ஆனால் இந்த வலி இரண்டே வாரத்தில் என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. தண்ணீர் நிறைந்த சொம்பைத் தூக்க முடியவில்லை. துணியைப் பிழிய முடியவில்லை. தேநீர் டம்ளரைக்கூட இடது கையால் எடுக்கத் தொடங்கினேன். கையைச் சும்மா மடியில் வைத்திருந்தால் வலியே இல்லை, எதையாவது பிடித்தால்தான் வலித்தது. அதிலும் பிடிப்பவை விரல்கள், வலிப்பதோ முழங்கை. இது எப்படி என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

பிறகு இயன்முறை மருத்துவர் ஒருவர் இதை எனக்கு ஒரு செயல்பாடாகவே செய்து காட்டினார். நீங்களும் இப்போதே செய்து பார்க்கலாம். வலது முன்கையை மேசைமீது, உள்ளங்கை கீழே இருக்கும்படி வையுங்கள். முழங்கையின் வெளிப்பக்கத்தில் ஒரு எலும்பு முடிச்சு தட்டுப்படும். அதற்கு இரண்டு விரற்கடை கீழே, சதைப் பகுதியில் இடது கை விரல்களை வைத்துக்கொண்டு, வலது கையை இறுக்கி முட்டியாக மூடுங்கள். விரல்களுக்கடியில் ஒரு தசை கெட்டியாவது தெரியும்.

இப்போது மணிக்கட்டை உள்பக்கமாக நன்றாக மடக்கிக்கொண்டு ஒரு பேனாவை இறுகப் பிடித்துப் பாருங்கள். பிடியில் பலமே இருக்காது. விரல்கள் வலுவாகப் பிடிக்க வேண்டுமானால் மணிக்கட்டு சற்றே பின்னோக்கி நிமிர்ந்து அசையாமல் நிற்க வேண்டும். அப்படி நிறுத்தி வைக்கும் தசைகளில் முக்கியமானவை அந்த எலும்பு முடிச்சில் ஒரு தசைநாணால் கட்டப்பட்டிருக்கின்றன. ஆக, நாம் எதைப் பிடித்தாலும் இழுபடுவது அந்த முடிச்சுதான். கையை உயர்த்தி, மணிக்கட்டைப் பின்னுக்கு வளைத்து, சுண்ணக்கட்டியை அழுத்திப் பிடித்து, சொரசொரப்பான பழைய பலகையில் ஒரு நாளைக்கு ஐந்து பாடவேளை எழுதுகிறோம். மாலையில் உட்கார்ந்து குறிப்பேடு திருத்துகிறோம். இடையில் பாடநூல் கட்டுகளையும் தூக்கி வைக்கிறோம். இப்படி ஆண்டுக்கணக்கில் நடந்தால் அந்த இடம் நொந்துபோவதில் வியப்பில்லை. பெரும்பாலும் 35 முதல் 55 வயதுக்குள் இது வருகிறது. என் வயது 46.

இதன் புழக்கப் பெயர் டென்னிஸ் எல்போ. நான் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை. இந்தப் பெயரைக் கேட்டதும் 2005-இல் சச்சின் டெண்டுல்கர் லண்டனில் முழங்கை அறுவை சிகிச்சை செய்துகொண்ட செய்திதான் எனக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் இந்த நோயின் வரலாற்றில் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. மருத்துவ இதழ்களில் இதை முதலில் விவரித்தவராகச் சொல்லப்படுபவர் ரூங்கே என்ற ஜெர்மானிய மருத்துவர். ஆண்டு 1873. அந்தக் கட்டுரை எழுதுபவர்களுக்கு வரும் கைப்பிடிப்பைப் பற்றியது. புல்தரை டென்னிஸுக்கு விங்ஃபீல்டு காப்புரிமை பெற்றதே 1874-இல்தான். 1880-களில்தான் இங்கிலாந்து மருத்துவர்கள் இதற்கு டென்னிஸ் பெயரைச் சூட்டினார்கள். முதலில் இது எழுதுகிறவர்களின் நோயாக இருந்தது. விளையாட்டுக்காரர்கள் பிறகு வந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள்!

நான் செய்த தவறு

முதலில் தைலம் தேய்த்தேன். பிறகு எண்ணெய் போட்டு நீவிவிட்டுக்கொண்டேன். மீள்பட்டை சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். ஓய்வறையில் யாராவது கேட்டால், "லேசா சுளுக்கு, டீச்சர்" என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மையைச் சொன்னால், வேலையைத் தட்டிக்கழிக்கக் கை வலியைக் காரணம் காட்டுகிறாள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம்தான். வெளியில் காயம் இல்லை, வீக்கம் இல்லை, கட்டும் இல்லை. அப்படியிருக்க வலியை யார் நம்புவார்கள்?

மார்ச் மாதம் ஒரு தனியார் மருத்துவரிடம் முழங்கையில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டேன். கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன் என்பதே சரி. ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் முகாம் இருந்தது, எனக்குக் கை வேண்டும். ஊசி நன்றாகவே வேலை செய்தது. ஒரே வாரத்தில் வலி போய்விட்டது. முகாமில் காலையில் ஒரு கட்டு, பிற்பகலில் ஒரு கட்டு என்று எல்லாரையும்போல் திருத்தினேன். வீட்டில் தோசை மாவுகூட ஆட்டினேன். வலி இல்லையென்றால் நோய் இல்லை என்றுதான் நினைத்தேன்.

ஜூனில் பள்ளி திறந்தபோது வலி திரும்பிவிட்டது, முன்பைவிடக் கடுமையாக. மூன்று வரி எழுதியதும் சுண்ணக்கட்டி கை நழுவும் நிலை.

நடந்தது இதுதான். இதை முழங்கை அழற்சி என்று சொல்கிறோம். ஆனால் நாள்பட்ட நிலையில் அந்தத் தசைநாணை ஆராய்ந்து பார்த்தவர்கள், அங்கே அழற்சியைவிட நைவே அதிகம் என்கிறார்கள். கயிற்றின் புரிகள் ஒழுங்காக முறுக்கியிருப்பதைப்போல் இருக்க வேண்டிய நார்கள் கலைந்து, தாறுமாறாக, வலுவிழந்து கிடக்கின்றன. ஊசி வலியை அடக்குகிறது. கலைந்த நார்களை ஒழுங்குபடுத்துவதில்லை. வலி இல்லாத தைரியத்தில் அந்த நைந்த கயிற்றின்மீது நான் ஒரு முகாம் முழுவதையும் ஏற்றிவிட்டேன்.

என் ஒருத்தியின் அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 198 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து ஆய்வு செய்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு ஸ்டீராய்டு ஊசி, ஒரு குழுவுக்கு இயன்முறை சிகிச்சை, மூன்றாவது குழு காத்திருந்து பார்த்தது. ஆறு வாரத்தில் முன்னே நின்றது ஊசிக் குழுதான். ஆனால் ஊசியால் நலம் பெற்ற 65 பேரில் 47 பேருக்குப் பிறகு வலி திரும்பியது. நூற்றுக்கு 72 பேர்! ஓராண்டு முடிவில் ஊசிக் குழு பின்தங்கிவிட்டது. காத்திருந்தவர்களில் பெரும்பாலோர் இயன்முறை சிகிச்சை பெற்றவர்களுக்கு ஏறக்குறைய இணையாகத் தேறிவிட்டார்கள். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த வலி பலருக்குத் தானாகவே ஓராண்டுக்குள் அடங்கிவிடும். இயன்முறை சிகிச்சையால் கிடைப்பது என்னவென்றால், அந்த ஓராண்டைக் கையை முடக்கிப்போட்டுக் கழிக்க வேண்டியதில்லை. கை சீக்கிரம் வேலைக்குத் திரும்புகிறது.

பையனைக் கூட்டிப்போன இடத்தில்

ஜூலையில் எங்கள் பள்ளியின் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனை அழைத்துக்கொண்டு வட்டார வள மையத்துக்குப் போனேன். மூளை முடக்குவாதத்தால் அவனுடைய வலது கை இறுக்கமாக இருக்கும். அங்கே சிறப்புத் தேவையுடைய குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் இயன்முறை மருத்துவர், பதிவேட்டில் நான் கையெழுத்துப் போட்ட விதத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர், உங்களுக்கு எத்தனை நாளா இந்த வலி?" என்று கேட்டார். ஆறு மாதமாக யாரிடமும் சரியாகச் சொல்லாததை அவரிடம் கொட்டிவிட்டேன்.

"இங்க பிள்ளைங்களுக்கு மட்டும்தான் டீச்சர் பார்க்கிறோம். நீங்க அரசு தலைமை மருத்துவமனைக்குப் போங்க. எலும்பு டாக்டர்கிட்ட காட்டிட்டு, இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்கு எழுதி வாங்கிக்கோங்க" என்றார். அப்படி ஒரு பிரிவு அங்கே இருப்பதும், அதற்குக் கட்டணம் இல்லை என்பதும் அதுவரை எனக்குத் தெரியாது. பிள்ளைகளை அனுப்பத் தெரிந்த நமக்கு நாம் போகத் தோன்றுவதில்லை.

அரசு மருத்துவமனையில் என் கையைப் பார்த்தவர் முதலில் கழுத்தைத்தான் சோதித்தார். கழுத்து நரம்பு அழுத்தப்பட்டாலும் கையில் வலி தெரியுமாம். சுண்டுவிரல் மரத்துப்போகிறதா என்று கேட்டார். அப்படியானால் அது முழங்கையின் உள்பக்கமாகப் போகும் நரம்பின் தொல்லையாக இருக்கலாம். பிறகு முழங்கையை நீட்டச் சொல்லி, நடுவிரலை மட்டும் உயர்த்தச் சொன்னார். அதை மேலிருந்து லேசாக அழுத்தினார். "சார்!" என்று கத்திவிட்டேன். "இதுதான் இடம்" என்றார்.

அடுத்து அவர் செய்தது கணக்கு ஆசிரியையான எனக்கு மிகவும் பிடித்துப்போனது. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பட்டையைச் சுருட்டி, கொஞ்சம் காற்றடித்து என் கையில் கொடுத்து, வலி தொடங்கும் வரை மட்டும் அழுத்தச் சொன்னார். வலது கையில் முள் 70-ஐத் தொட்டதும் வலி வந்துவிட்டது. இடது கையில் 200-ஐத் தாண்டியும் வலியில்லை. வலிக்கு ஓர் எண் கிடைத்துவிட்டது. இனி முன்னேற்றத்தை அளக்கலாம்.

புட்டியில் ஊற்றிய தண்ணீர்

முதல் சில நாள் மின்தூண்டல் கருவியும் ஒலியலைக் கருவியும் வைத்தார்கள். கையில் இதமாக இருந்தது. அதுதான் சிகிச்சை என்று நினைத்து, "இன்னும் எத்தனை நாள் கரண்ட் வைக்கணும், சார்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "அது துணைக்குத்தான் டீச்சர். மருந்து உங்க வீட்டுல இருக்கு" என்று ஒரு அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியைக் காட்டினார்.

தசைநாணுக்கு முழு ஓய்வு கொடுத்தால் அது மேலும் வலுவிழக்கும். அளவுக்கு மீறி வேலை கொடுத்தால் மேலும் நையும். அது தாங்கக்கூடிய சுமையைக் கொடுத்து, அது வலுப்பெற வலுப்பெறச் சுமையைக் கூட்ட வேண்டும். சிகிச்சையின் மையமே இதுதான்.

முதல் மூன்று வாரம் அசைவில்லாப் பயிற்சி. முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, வலது புறங்கையின்மீது இடது கையை வைத்து அழுத்திக்கொள்ள வேண்டும். வலது கை மேலே எழ முயல வேண்டும். இடது கை விடக்கூடாது. கை அசையாது, தசை மட்டும் வேலை செய்யும். ஒவ்வொரு முறையும் 30 முதல் 45 வினாடி, நான்கைந்து முறை. இது வலியையும் கொஞ்சம் தணித்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அடுத்துத்தான் புட்டி. முன்கை மேசையில், மணிக்கட்டு மேசை விளிம்புக்கு வெளியே, உள்ளங்கை கீழே. புட்டியைப் பிடித்த கையை இடது கையின் உதவியோடு மேலே உயர்த்திவிட்டு, உதவியை எடுத்துவிட வேண்டும். பிறகு மனத்துக்குள் ஐந்து எண்ணிக்கொண்டே வலது கையால் மட்டும் மெதுவாக இறக்க வேண்டும். இறக்குவதில்தான் பலன். சுமையைத் தாங்கியபடியே தசை நீள்வது தசைநாணுக்கு நல்லதாம். 15 முறை இறக்கி ஓய்வு. இப்படி மூன்று சுற்று.

ஏன் தண்ணீர்ப் புட்டி? 100 மில்லி தண்ணீரின் எடை 100 கிராம். கடையில் வாங்கும் எடைக்குண்டில் இப்படிச் சிறிது சிறிதாகக் கூட்ட முடியாது. 200 மில்லியில் தொடங்கினேன். பயிற்சியின்போது பத்துக்கு மூன்று, நான்கு அளவு வலி இருக்கலாம், ஆனால் மறுநாள் காலையில் அது பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வந்தால் அடுத்த வாரம் 100 மில்லி கூட்டலாம், வராவிட்டால் குறைக்க வேண்டும். தேதி, மில்லி, வலி, மறுநாள் வலி என்று நான்கு பத்தி போட்டு ஒரு நோட்டில் எழுதினேன். வரைபடத்தாளில் புள்ளியும் வைத்தேன்.

அந்தக் கோடு நேர்கோடாக வரவில்லை. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வுத் தாள்களை இரண்டு இரவில் உட்கார்ந்து திருத்தி முடித்தேன். மூன்றாம் நாள் வலி ஏழு! அழுகையே வந்துவிட்டது, இரண்டு மாத உழைப்பும் வீணென்று. பயிற்சியை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போனேன். "நிறுத்தாதீங்க டீச்சர், குறைங்க" என்றார் அவர். 500-இல் இருந்ததை 300-க்கு இறக்கினேன். பத்து நாளில் மீண்டும் 500-க்கு வந்துவிட்டேன். வலி திரும்பினால் நார் அறுந்துவிட்டது என்று பொருளில்லை. அன்றைக்கு அது தாங்கும் அளவைத் தாண்டிவிட்டோம் என்றுதான் பொருள்.

முழங்கைக்குக் கீழே கட்டும் பட்டை ஒன்றும் கொடுத்தார். அதை வலிக்கிற எலும்பின்மீது கட்டக்கூடாது, இரண்டு விரற்கடை கீழே தசைமீது கட்ட வேண்டும். எழுதும்போது மட்டும் போதும், தூங்கும்போது கழற்றிவிட வேண்டும். தோள்பட்டைக்கும் சில பயிற்சிகள் உண்டு. தோள் தளர்ந்திருந்தால் அதன் வேலையும் முழங்கையின் தலையில் விழுகிறது.

வகுப்பறையில் மாற்றிக்கொண்டவை

தலைமையாசிரியரிடம் பேசுவதற்குத்தான் எனக்கு மிகுந்த துணிச்சல் தேவைப்பட்டது. மருத்துவச் சீட்டைக் காட்டி, மூன்று வாரத்துக்குப் பலகை வேலையைக் குறைத்துக்கொள்ள அனுமதி கேட்டேன். அவர் சீட்டைப் பார்த்துவிட்டு, தன் முழங்கையைத் தடவிக்கொண்டே, "எனக்கும் இருக்கும்மா" என்றார். நான் ஆறு மாதம் பயந்ததெல்லாம் இதற்குத்தானா!

பலகையில் இப்போது மார்புக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட உயரத்தில்தான் எழுதுகிறேன், எம்பி எழுதுவதில்லை. கவராயத்தை ஒதுக்கிவிட்டு, ஒரு நூலில் சுண்ணக்கட்டியைக் கட்டி வட்டம் போடுகிறேன். ஆரம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு அது இன்னும் நன்றாகவே புரிகிறது. திருத்தும் பேனாவில் ரப்பர் பட்டைகளைச் சுற்றித் தடிமனாக்கிக்கொண்டேன். தடித்த பேனாவை இறுக்க வேண்டியதில்லை. ஐந்து தாளுக்கு ஒருமுறை பேனாவைக் கீழே வைத்துக் கையை உதறிக்கொள்கிறேன். நோட்டுக் கட்டைத் தூக்கும்போது உள்ளங்கை மேலே பார்க்கும்படி அடியில் கைகொடுத்து, உடம்போடு அணைத்துத் தூக்குகிறேன். மேலிருந்து கவ்வித் தூக்கினால் பாரம் முழுவதும் அந்த எலும்பு முடிச்சில்தான் இறங்கும். இந்த ஒன்றை மாற்றியதே எனக்குப் பாதி நிவாரணம்.

எல்லா முழங்கை வலியும் இது அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். விழுந்த பிறகு வந்த வலி, வீக்கம், சிவப்பு, காய்ச்சலோடு வரும் வலி, முழங்கையை மடக்கவோ நீட்டவோ முடியாமல் பூட்டிக்கொள்வது, விரல்கள் மரத்துப்போவது, கை மெலிந்துகொண்டே வருவது ஆகியவை இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இடது கையில் திடீரென வலி வந்து, நெஞ்சிலும் பாரமாக இருந்தால் முழங்கையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். நான் எழுதியிருக்கும் பயிற்சியைக்கூட ஒருமுறை இயன்முறை மருத்துவரிடம் கையைக் காட்டிவிட்டுத் தொடங்குவதே நல்லது. என் 200 மில்லி உங்களுக்கு அதிகமாகவோ குறைவாகவோ இருக்கலாம்.

நவம்பரில் அதே பட்டையை அழுத்தினேன். வலது கையில் முள் 190 வரை போன பிறகுதான் வலி எட்டிப்பார்த்தது. புட்டி இப்போது 800 மில்லி. பெரிய புட்டிக்கு மாறிவிட்டேன். வட்டார வள மையத்துக்கு நான் அழைத்துப்போகும் பையனுக்கும் அங்கே கைப்பயிற்சி உண்டு. ஸ்பாஞ்சுப் பந்தை அழுத்திப் பிடித்துப் பத்து எண்ண வேண்டும். முன்பெல்லாம் அவன் மெதுவாக எழுதும்போது, "சீக்கிரம்டா" என்று சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. போன வாரம் என் நோட்டைப் பார்த்துவிட்டு, தனக்கும் அப்படி நான்கு பத்தி போட்டுத் தரச் சொன்னான். போட்டுக் கொடுத்தேன். அவனுடைய முதல் பத்தியில் மில்லி இல்லை, "எத்தனை வரை எண்ணினேன்" என்று இருக்கிறது. நேற்று அதில் 14 என்று எழுதியிருந்தான்.